வேலியில் கட்டிய கறுப்புத் துணி

அன்புள்ள சிட்டுவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம், மழை வரப்போகிறது என்றால் அவர் முழங்கால் மட்டும் முணுமுணுக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நிலத்தை விற்றுவிட்டு எங்களோடு வந்து இருங்கள் என்று அன்றைக்கு போனில் சொன்னாய். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்ததால் பதில் பேசாமல் வைத்துவிட்டேன். இப்போது அடுப்பில் ஒன்றும் இல்லை. விற்க மாட்டேன்.

நம் வேலியை ஒட்டி மனை போட்டிருக்கிறானே அந்த முதலாளி, தன் விளம்பரப் பலகை தெரிய வேண்டுமென்று பெரிய விளக்கு ஒன்றை நட்டு விடிய விடிய எரியவிட்டான். வாசலில் நின்றால் ஒரு நட்சத்திரம்கூடத் தெரியவில்லை. அதையாவது பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். ஆனால் வேலியோரச் சோயாச் செடிகள் தளதளவென்று வளர்ந்தும் பூவே விடவில்லை. வேளாண்மை அலுவலகத்துப் பெண் வந்து பார்த்து, இந்தப் பயிர் பூக்க இருட்டு வேண்டும் என்றாள். அவனோ, பூக்காத நிலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள் என்று அப்பாவிடம் இனிக்க இனிக்கப் பேசினான், அப்பாவும் தலையாட்டப் பார்த்தார். நம் நிலத்து வாய்க்கால் வழியாகத்தான் மழைத் தண்ணீர் ஏரிக்குப் போகிறது, அவன் கைக்குப் போனால் முதலில் அதைத்தான் தூர்ப்பான், அப்புறம் ஊரே குடத்தோடு தண்ணீர் லாரிக்குக் காத்துக் கிடக்க வேண்டியதுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தையல்காரியிடமா விளையாட்டு? பழைய குடைத் துணி, கோட்டுக்கு உள்ளே வைக்கிற துணி எல்லாவற்றையும் ஒட்டுப்போட்டுத் தைத்து வேலி நெடுக உயரமாகக் கட்டினேன். காற்றுப் போக ஓட்டை விட மறந்துவிட்டேன். முதல் காற்றிலேயே பிய்த்துக்கொண்டு பறந்து அவன் பலகையைப் போர்த்திவிட்டது. வேண்டுமென்றே செய்தேன் என்று ஊரே சிரித்தது, நானும் இல்லையென்று சொல்லவில்லை. பிறகு ஓட்டை வைத்துத் தைத்துக் கட்டினேன். துணி மறைத்த செடிகள் பூத்துவிட்டன சிட்டு. துணி எட்டாத மூலையில் இன்னும் வெறும் இலைதான். இரண்டிலும் ஒவ்வொன்றை வேரோடு பிடுங்கிக்கொண்டு போய் ஊர்க் கூட்டத்தில் மேசைமேல் வைத்தேன். முதலாளி என்னை விட்டுவிட்டு, "நீங்க சொல்லுங்கய்யா, வீட்டுக்குப் பெரியவர் நீங்கதானே" என்று அப்பாவைப் பிடித்தான். அப்பா மெல்ல எழுந்தார். "அவ துணி கட்டினப்போ ஏணியைப் பிடிச்சது நான்தான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். விளக்குக்கு மூடி போட்டுத் தரையைப் பார்க்கத் திருப்பச் சொல்லியிருக்கிறார்கள். அவன் இன்னும் திருப்பவில்லை. நானும் இன்னும் துணியை இறக்கவில்லை.

உன் பங்குக்குக் கையெழுத்துக் கேட்டு உனக்கும் எழுதுவான். போடாதே. அம்மாவுக்குப் பிடிவாதம் என்று மாப்பிள்ளையிடம் சொல்வாய், தாராளமாகச் சொல். நீங்கள் இருவரும் எந்தக் குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். குளிரில் காதை மூடிக்கொள். விடுமுறைக்குக் கட்டாயம் வா. பேருந்து நிற்கிற இடத்திலிருந்து வீடு வரை இருட்டாகத்தான் இருக்கும், இருட்டாகவே வைத்திருப்பேன். நானே வந்து கைபிடித்துக் கூட்டிப்போகிறேன். நீ வானத்தைப் பார்த்துக்கொண்டு நட, பள்ளம் மேட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இந்த இடத்தை விட்டு நகராத,
உன் அம்மா