ஒருவர் கேட்டாலும் நிறுத்து

மார்ச் 4

அன்புள்ள நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுவது. இங்கு நலம். உன் நலத்தை நேற்றைய கூட்டத்தில் கண்ணாரக் கண்டேன், ஆகவே விசாரிக்கவில்லை.

ஒரே கட்டடத்தில் இரண்டு மாடி தள்ளி அமர்ந்துகொண்டு காகிதத்தில் எழுதுகிறாளே என்று நீ சிரிக்கக்கூடும். காரணம் உண்டு. நீ அனுப்பிய கூட்டக் குறிப்பில், 'கூட்டுக் கணக்கு நிறுத்தம் இரண்டாம் கட்டத்துக்குத் தள்ளப்பட்டது. பகுப்பாய்வாளர் ஆட்சேபிக்கவில்லை' என்று கண்டேன். நான் ஆட்சேபிக்கவில்லை என்பது மெய். வாயைத் திறந்தால் என்ன வந்து விழுமோ என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். என் மௌனத்தைச் சம்மதமாக எழுதிக்கொள்ளும் ஒருத்தியிடம் இனி வாயால் பேசுவதாக இல்லை.

நீ தள்ளியது என்னவென்று உன் குழுவில் எவருக்கேனும் தெரியுமா? கணவன் மனைவியோ, உடன்பிறந்தவர்களோ, இருவர் பெயரில் ஒரு கணக்கு இருக்கிறது. அவர்களில் ஒருவர் கவுன்டருக்கு வந்து, 'இதை நிறுத்துங்கள்' என்கிறார். அதன்பின் இருவரும் நேரிலோ எழுத்திலோ சம்மதம் சொல்லும்வரை அதிலிருந்து எவரும் பணம் எடுக்க முடியாது. பழைய மென்பொருளில் இதற்கென்று பொத்தான் கிடையாது. கணக்கின் ஓரத்தில் ஒரு குறிப்புப் பெட்டி உண்டு. கவுன்டரில் இருப்பவர் அதில் 'ஒருவர் கேட்டு நிறுத்தம்' என்று தட்டி வைப்பார். பின்னர் அந்தக் கணக்கைத் திறக்கும் எவரும் அதைப் படித்துவிட்டு மறுப்பார். நான் கவுன்டரில் இருந்த காலம் முழுவதும் அப்படித்தான் நடந்தது. உங்கள் புதிய மென்பொருளில் அந்தப் பெட்டியே இல்லை. ரிலீஸ் ஆகும் காலையில், நிறுத்தி வைத்த கணக்குகள் அனைத்தும் தாமாகவே திறந்துகொள்ளும்.

ஆகையால்தான், புதிய மென்பொருள் என்னென்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்கு நான் எழுதித் தரும் தேவை ஆவணத்தில், அந்த வழக்கத்தை முறையான விதியாக வடித்தேன்: ஒருவர் கேட்டாலும் நிறுத்து. நீ இரண்டாம் கட்டம் என்கிறாய். இந்த வங்கியில் இரண்டாம் கட்டத்தைக் கண்ணால் கண்டவர் எவரும் இலர். வேண்டாதவற்றைப் புதைக்கும் இடத்துக்கு உங்கள் தொழில்நுட்பப் பிரிவு வைத்திருக்கும் மரியாதையான பெயர் அது.

இவ்விதி இந்த ரிலீஸிலேயே இடம்பெற வேண்டும். எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
அண்ணி


மார்ச் 6

அண்ணிக்கு,

வணக்கம். உங்கள் உறையைக் கொண்டுவந்த அலுவலக உதவியாளர், "என்ன மேடம், காதல் கடிதமா?" என்றார். "அந்த அளவுக்கு எனக்கு அதிர்ஷ்டம் இல்லைங்க. அண்ணி எழுதினது" என்றேன். பாவம், அவர் முகமே மாறிவிட்டது.

நீங்கள் ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடுகிறீர்கள். அந்த ஒரு வரி, பணம் வெளியே போகும் எல்லா வழியையும் தொடுகிறது: கவுன்டர், ஏடிஎம், கைப்பேசி, காசோலை. அத்தனையையும் மறுபடி டெஸ்ட் செய்ய வேண்டும். என் குழுப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்கும் என்பதையே மறந்துவிட்டார்கள். தேதி வைத்தது நான் அல்ல, மேலிடம். தேதி தவறினால் மேலிடம் கூப்பிட்டு நிறுத்தி வைக்கப்போவதும் உங்களை அல்ல.

குறிப்புப் பெட்டியை ஏன் எடுத்தோம் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அதில் உங்கள் கவுன்டர்க்காரர்கள் எழுதி வைத்திருப்பதை உட்கார்ந்து படித்தோம். 'இவர் சத்தம் போடுவார்.' 'கண்ணாடி மறந்து வருவார், படித்துக் காட்டவும்.' 'பேனாவைத் திருப்பித் தரமாட்டார்.' இந்த இலக்கியத்தையா புதிய மென்பொருளுக்குச் சுமந்துகொண்டு போவது?

இதெல்லாம் அலுவலகக் காரணம். காகிதத்தில் வேண்டும் என்றீர்களே, நிஜக் காரணத்தையும் எழுதிவிடுகிறேன். உங்களுக்கும் அண்ணனுக்கும் இருக்கும் கூட்டுக் கணக்கில் நீங்களே போய் நிறுத்தம் போட்டிருக்கிறீர்கள். கடை வாடகை கட்டப் பணம் எடுக்கப் போனவரை, வரிசையில் நாலு பேர் பார்க்க, "ரெண்டு பேரும் சேர்ந்து வாங்க சார்" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அன்றைக்கு அண்ணன் சாப்பிடவில்லை. அந்த மரச்சாமான் கடையில் பலகை சுமந்துதான் அவர் என்னைப் பொறியியல் படிக்கவைத்தார். உங்கள் வீட்டுச் சண்டைக்கு வங்கி முழுவதற்கும் ஒரு பொத்தான் செய்து தரச் சொல்கிறீர்கள். உங்களுக்கே கூச்சமாக இல்லையா?

விதி இரண்டாம் கட்டத்தில்தான்.

நாத்தனார்


மார்ச் 7

நாத்தனாருக்கு,

உன் பதில் கிடைத்தது. கூச்சம் குறித்துக் கேட்டிருந்தாய். இல்லை.

ஆம், எங்கள் கணக்கை நான் நிறுத்தினேன். நாங்கள் குடியிருக்கும் வீட்டை அதன் உரிமையாளர் விற்கப்போகிறார். அதை வாங்குவதற்கென்று இருவரும் சேர்த்தது அது. உன் அண்ணன் கடைக்கென்று எடுப்பார், அடுத்த மாதம் வைப்பதாகச் சொல்வார். பணம் கடைக்குப் போகும் வழி அவருக்குத் தெரியும். திரும்பி வரும் வழியை இன்றளவும் அவர் கண்டுபிடிக்கவில்லை. நல்ல மனிதர்தாம். நல்ல மனிதர்களிடமிருந்தும் சிலவற்றைப் பூட்டித்தான் வைக்க வேண்டியிருக்கிறது.

ஆனால் அவ்விதி எனக்காகப் பிறந்தது என்று எழுதினாயே, அதை நான் ஏற்கமாட்டேன். உன் அண்ணனின் முகத்தையே நான் பார்த்திராத காலத்தில் கற்றது அது. கவுன்டருக்கு ஒரு பெண் வந்தார். துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, வாசலைப் பார்த்தபடியே பேசினார்.

"எம் பேரும் இருக்குங்களே. நான் சொன்னா நிறுத்துவீங்களா?"

"நிறுத்துவோம்மா."

"அவரு கையெழுத்து வேணாமா?"

"வேணாம்."

"ஏன் எதுக்குன்னு எழுதித் தரணுமா?"

"ஒண்ணும் எழுத வேணாம்மா. உங்க கையெழுத்து போதும்."

நான் தட்டி முடித்த பிறகும் அவர் நகரவில்லை. "இதை யாராவது முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல" என்றார். சண்டை பிடிப்பதுபோலத்தான் சொன்னார். நியாயமான சண்டை. இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள் என்பதே தெரியாமல் உங்கள் மாடியில் ஒரு மென்பொருள் எழுந்துகொண்டிருக்கிறது.

உன்னைப்போல் நான் கல்லூரி வாசலை மிதித்தவள் அல்லள். செயல்முறை வரைபடம் வரைவதை நூலகத்தில் இரவல் வாங்கிய புத்தகங்களிலிருந்து கற்றேன். உங்கள் மொழியையும் அப்படியே கற்றேன். ஆகவே, கடினம் என்று நீ சொன்னதும் அஞ்சி விலகுவேன் என்று எண்ணாதே. நான்கு வழிகளும் பணத்தை விடுவதற்கு முன் ஒரே இடத்தில்தான் அனுமதி கேட்கின்றன. அந்த ஓரிடத்தில் விதியை வைத்தால் போதும். வரைபடம் இணைத்துள்ளேன்.

மென்பொருள் மாற்றங்களுக்கு ஒப்புதல் தரும் மாற்றக் குழுவின் முன் இதை வை. வைக்க முடியாது என்றால், ஏன் என்று எழுதிக் கையொப்பமிட்டு அனுப்பு.

அண்ணி


மார்ச் 11

அண்ணிக்கு,

உங்கள் வரைபடத்தை எங்கள் டெஸ்டிங் தலைவரிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "சரியாத்தான் போட்டிருக்காங்க. மனசாட்சியே இல்லாம சரியாப் போட்டிருக்காங்க" என்றார். அவருடைய இரண்டு வாரத்தை நீங்கள் தின்றுவிட்டீர்கள் என்று அர்த்தம்.

மாற்றக் குழுவிலும் வாய்மொழியாகச் சொல்லிப் பார்த்தேன். குழுத் தலைவர் கேட்ட முதல் கேள்வி இது: "ஏம்மா, இது உங்க வீட்டு விவகாரமாமே?" எல்லோரும் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உங்களால் நான் அந்த அறையில் பட்ட அவமானத்தைக் காகிதத்தில் எழுத எனக்கு மனமில்லை. என் அண்ணன் கவுன்டரில் பட்டது போதாது என்று இப்போது நான்.

அதனால் ஒன்று சொல்கிறேன். விதி உங்களுக்காக அல்ல என்றால், உங்கள் நிறுத்தத்தை எடுத்துவிடுங்கள். எடுத்ததாக எனக்கு எழுதுங்கள். வரும் வாரம் குழு கூடும்போது, இதில் எங்கள் வீட்டுக்குக் காலணா லாபம் இல்லை என்று நானே எழுந்து சொல்வேன். விண்ணப்பத்தில் என் கையெழுத்து இருக்கும். தேதி தவறினால் என் தலை.

எடுக்க உங்களால் முடியாது என்று எனக்குத் தெரியும். அதற்குப் பிறகாவது இந்தக் கடிதப் போக்குவரத்து நிற்கும்.

நாத்தனார்


மார்ச் 12

நாத்தனாருக்கு,

இன்று காலை கவுன்டர் திறந்ததும் சென்று நிறுத்தத்தை நீக்கினேன். நிறுத்தியவள் நான் ஒருத்தியே என்றாலும் நீக்குவதற்கு இருவர் வேண்டும் என்பதே முறை; அதில் எனக்குச் சலுகை வேண்டாம் என்று உன் அண்ணனின் ஒப்புதல் கடிதத்தோடுதான் சென்றேன். 'நீக்கச் சம்மதம், நீயும் கையெழுத்துப் போடு' என்று முன்பு அவர் கோபத்தில் எழுதி என் மேஜைமீது வீசிய கடிதம் அது. கவுன்டரில் இருந்த பெண், "அக்கா, நல்லா யோசிச்சீங்களா?" என்று கேட்டாள். "யோசித்தாயிற்று, தட்டு" என்றேன்.

அந்தப் பணத்தை நானே எடுத்து என் தனிக் கணக்கில் போட்டிருக்கலாம். நீ அவ்வாறுதான் எதிர்பார்த்திருப்பாய். அதில் உன் அண்ணனின் உழைப்பும் இருக்கிறது. நிறுத்த எனக்கு உரிமை உண்டு, எடுத்துக்கொள்ள இல்லை. இந்த வேறுபாடு உனக்கு விளங்கினால் விதியும் விளங்கும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இதுவரை உன்னிடம் எதுவும் கேட்டதில்லை. நிறுத்தம் நீங்கியது உன் அண்ணனுக்குத் தெரியாது. ரிலீஸ் முடியும்வரை தெரிய வேண்டாம். புதிய விதி வந்ததும், மற்ற வாடிக்கையாளர்களைப் போலவே நானும் வரிசையில் நின்று நிறுத்திக்கொள்வேன். அதுவரை இது நம் இருவருக்குள் இருக்கட்டும்.

உன் வாக்கை நீ காப்பாய் என்று நம்புகிறேன். நம்புவது எனக்கு எளிதாக இல்லை.

அண்ணி


மார்ச் 20

அண்ணிக்கு,

விதி குழுவில் நிறைவேறியது. நான் எழுந்து நின்று சொன்னேன். கையெழுத்துப் போட்டேன். இந்த ரிலீஸிலேயே வருகிறது. பழைய பெட்டியில் இருந்த நிறுத்தங்களையும் தனியாகப் பிரித்தெடுத்துக் கொண்டுவருகிறோம். 'சத்தம் போடுவார்' மட்டும் வராது.

மற்றது உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். தெரியாததுபோல எழுத எனக்கு வரவில்லை. குழு முடிந்த அன்று அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"உன் அண்ணி இன்னும் இறங்கி வரலையா?"

"இறங்கியாச்சு. நிறுத்தத்தை எடுத்துட்டாங்க."

என் வாய் சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது என்று எழுதலாம். பொய். தெரிந்துதான் சொன்னேன். கடைக் கட்டடத்தின் உரிமையாளர் வாடகை பாக்கிக்காகப் பூட்டுப் போடுவதாக மிரட்டியிருந்தார். அண்ணன் அதற்கு மட்டும் எடுப்பார் என்று நினைத்தேன். முழுவதையும் துடைத்து எடுப்பார் என்று நினைக்கவில்லை. கேட்டால், "ஓனருக்குப் பாதி, மரத்துக்குப் பாதி. வந்துடும்மா" என்கிறார்.

நீங்கள் என்னை என்ன நினைப்பீர்கள் என்று தெரியும். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் எனக்கு அண்ணி ஆனது அவரால்தான். அவர் நேருக்கு நேர் கேட்கும்போது என்னால் மறைக்க முடியாது. அந்த இடத்தில் நீங்கள் இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பீர்கள் என்று எழுதப் போனேன், செய்திருக்கமாட்டீர்கள். அதுதான் உங்களிடம் எனக்குப் பிடிக்காததே.

திட்டியாவது எழுதுங்கள்.

நாத்தனார்


ஏப்ரல் 8

திட்ட மேலாளர் அவர்களுக்கு,

பொருள்: புதிய மென்பொருளில் கூட்டுக் கணக்கு நிறுத்தம், உடனடித் திருத்தம்.

தங்கள் மார்ச் 20 தேதியிட்ட கடிதத்தின் முதல் பத்தி பெறப்பட்டது. விதியை நிறைவேற்றித் தந்தமைக்கு நன்றி. ஏனைய பத்திகள் அலுவல் சார்ந்தவை அல்ல. ஆகவே அவற்றுக்குப் பதில் இல்லை.

ரிலீஸுக்குப் பின் வந்த முதல் வேலைநாளான இன்று, விதியைச் சோதிக்க வேண்டி நான் கிளைக்குச் சென்றேன். வாடிக்கையாளர் எவருடைய கணக்கையும் சோதனைக்குப் பயன்படுத்துவது முறையன்று. இனி இழக்க ஏதுமில்லாத ஒரு கூட்டுக் கணக்கு என்னிடம் இருந்தது, அதைப் பயன்படுத்தினேன். கவுன்டரில் இருந்தவர் பொத்தானை அழுத்தினார். கணக்கு நின்றது. நான்கு வழிகளிலும் நின்றது. தங்கள் குழு செம்மையாகச் செய்திருக்கிறது.

ஆனால் அதே கணத்தில், கணக்கின் மற்ற உரிமையாளரின் கைப்பேசிக்கு ஒரு செய்தி சென்றது. கணக்கு நிறுத்தப்பட்டது என்றும், எந்தக் கிளையில், எத்தனை மணிக்கு என்றும் அதில் இருந்தது. எந்த மாற்றத்துக்கும் செய்தி அனுப்புவது புதிய மென்பொருளின் இயல்பு என்று இப்போது அறிகிறேன். பழையது எவருக்கும் எதுவும் அனுப்பியதில்லை. ஆகவே இதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. ஆவணத்தில் எழுதவும் இல்லை. விடுபட்டது என் பணியில். தங்கள் குழுவைக் குறை கூறுவதற்கில்லை.

அவர் கடை அந்தக் கிளைக்கு அடுத்த தெருவில் இருப்பது தாங்கள் அறிந்ததே. கையொப்பமிட்ட படிவத்தின் நகலை நான் வாங்கிப் பையில் வைப்பதற்குள் அவர் வாசலில் நின்றார். கைப்பேசியை உயர்த்திக் காட்டினார். "காலி டப்பாவுக்கா பூட்டு?" என்றார். வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். எனக்கு ஒரு கேலியோடு முடிந்தது. அங்கிருந்து நேரே, வீட்டை விட்டு வந்து நான் எடுத்திருக்கும் புது வாடகை அறைக்குச் சென்று, இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எல்லோருக்கும் கேலியோடு முடியாது. கணக்கை நிறுத்த வருபவர் பெரும்பாலும் எவருக்கும் சொல்லாமல் வருகிறார். அவர் கவுன்டரில் நிற்கும்போதே, அவர் எங்கே நிற்கிறார் என்று நாம் சொல்லி அனுப்புகிறோம்.

அச்செய்தியை இன்றே நிறுத்துக. மாற்றக் குழு கூடும்வரை காத்திருக்க இயலாது. அவசரத் திருத்தமாகச் செய்யத் தங்களுக்கு அதிகாரம் உண்டு. என் கையொப்பமிட்ட கோரிக்கை இத்துடன் உள்ளது. இதைக் கொண்டுவருபவர் பதில் பெறாமல் திரும்பமாட்டார். அவருக்கு நாற்காலி தருக.

கவுன்டர் மாலைவரை திறந்திருக்கும்.

இப்படிக்கு,
வணிகப் பகுப்பாய்வாளர்