சாம்பல் குதிரைக்குப் பார்லி

சோன்குல் மேய்ச்சல்,
ஜூன் 12

என் கண்ணு புருலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே சிக்னல் கிடைக்காது என்பதால் பால் வண்டிக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். எனக்கு ரத்தம் மறுபடியும் குறைந்திருக்கிறதாம். வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள், எங்கும் கசிவு இல்லை. கீழே கொச்கோர் ஊர் டாக்டரம்மாவுக்குக் காரணம் பிடிபடவில்லை.

"பெரியவரே, பிஷ்கெக் போய் எலும்பு மஜ்ஜையை சோதிச்சிடுங்க" என்றாள்.

"ஈரல் தின்னா போதாதா தாயி?" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

ஓடை வரை நடந்தால் மூச்சு வாங்குகிறது, அவ்வளவுதான். சாம்பல் குதிரையில் இப்போது ஏறுவதில்லை. கட்டிவைத்துப் பார்லி போடுகிறேன், நன்றாகச் சதை பிடித்திருக்கிறது. தையல் வேலை என்று நீ பட்டினி கிடக்காதே.

அப்பா கச்கின்பாய்

பிஷ்கெக்,
ஜூன் 19

அன்புள்ள அப்பா,

குதிரை விஷயத்தைப் படித்ததும் தையலை அப்படியே போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். நம்மில் ஒரு பெரியவர் தன் குதிரையை ஏறாமல் கொழுக்க வைத்தால் அது எதற்கென்று எனக்குத் தெரியாதா? தன் சாவுக்கு வருகிறவர்களுக்கு அறுத்துப்போடத்தானே! நோய் என்னவென்றே தெரியவில்லை, அதற்குள் பந்திக்கு ஏற்பாடா?

பயமாக இருக்கிறது அப்பா. அம்மாவும் போனபின் எனக்கு வேறு யார்? ஜூலை பத்தாம் தேதி ஆஸ்பத்திரியில் சொல்லிவைத்திருக்கிறேன். குதிரையை அவிழ்த்துவிட்டு வந்து சேருங்கள்.

உங்கள் புருல்

சோன்குல்,
ஜூன் 30

புருல் கண்ணு,

அம்மாவுக்கு வரும் அதே கோபம் உனக்கும். உள்ளதைச் சொல்கிறேன். போன முறை டாக்டரம்மா என்னை வெளியே உட்கார வைத்துவிட்டு, துணைக்கு வந்த பக்கத்துக் கூடாரத்து ஓஸ்மோனை உள்ளே அழைத்தாள். நோயாளியிடம் சொல்லாதது நம் வழக்கம்தானே. அவன் வெளியே வந்து, "ஒண்ணுமில்லடா, வயசாயிடுச்சு, அதான்" என்று சொல்லி எனக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தான். இத்தனை வருடத்தில் ஒரு சிகரெட்கூட வாங்கித் தராத கஞ்சன்! அன்றைக்குத்தான் குதிரையைக் கட்டினேன்.

எலும்பைத் துளைத்தால் நோய்க்கு ஒரு பெயர் வைத்துவிடுவார்கள். பெயர் இல்லாதவரை கொஞ்சமாவது தூங்க முடிகிறது. நான் வரவில்லை, கோபித்துக்கொள்ளாதே.

அப்பா

சோன்குல்,
ஜூலை 7

மகளே,

ஓஸ்மோன் போய்விட்டான். பால் கறந்துகொண்டிருந்தவன் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். அவன் ரத்தத்தில் ஒரு குறையும் இல்லை. பிள்ளைகள் ரஷ்யாவில். வீட்டில் அறுக்க ஒரு குதிரை இல்லை. நான் தயங்கினேன், பொய் சொல்லமாட்டேன். பிறகு சாம்பல் குதிரையை ஓட்டிக்கொண்டு போய் அவன் வாசலில் கட்டினேன்.

அவன் மனைவி அழுதுகொண்டே கேட்டாள்: "அண்ணே, இது உங்களுக்குன்னு வச்சிருந்ததாச்சே?"

"ஆமா தங்கச்சி. இனி எனக்கு சாகக்கூட வழியில்ல" என்றேன். அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

திரும்பி வந்து வெறும் முளைக்குச்சியின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். சாவுக்குத் தயாராகிவிட்டேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். குதிரைதான் தயாராக இருந்தது. எனக்குப் பயமாக இருக்கிறது, கண்ணு. ரொம்பப் பயமாக இருக்கிறது.

பத்தாம் தேதிக்குப் பால் வண்டியில் வந்துவிடுகிறேன். ஊசி இறக்கும்போது பக்கத்திலேயே நில். அவர்கள் சொல்வதை நாம் இரண்டு பேரும் சேர்ந்தே கேட்போம். என்னை வெளியே உட்கார வைத்துவிடாதே. ஐஸ்கிரீம் மட்டும் வாங்கித் தந்துவிடாதே.

உன் அப்பா