பந்திக்கு வராதவளுக்கு

நேற்று கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு வாசலில் பன்னீர் திராட்சை வண்டி நின்றது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் வந்தவன் இடித்துத் திட்டிவிட்டுப் போனான். போகட்டும். எனக்கு உன் அடுப்படிதான் கண்ணில் தெரிந்தது.

நம் சபையைத் தொடங்கியவர்கள் மாற்றலில் இந்த ஊருக்கு வந்த வாத்தியார்களும் நர்சுகளும். ஆளுக்கொரு சபைக்காரர். முங்கி ஞானஸ்நானம் எடுத்தவர்கள், தலையில் தெளித்துக்கொண்டவர்கள், கைதட்டிப் பாடுகிறவர்கள், கைதட்டினால் முகம் சுளிப்பவர்கள் எல்லோரும் ஒரே தகரக் கொட்டகையில் உட்கார்ந்தார்கள். எந்தச் சபையிலிருந்து வந்தாய் என்று யாரையும் கேட்கக் கூடாது என்பதுதான் அவர்கள் போட்ட முதல் சட்டம். இயேசுவை நினைத்து அப்பமும் ரசமும் பகிரும் இராப்போஜனப் பந்திக்கு ஒயினா, வெறும் சாறா என்பதில் மட்டும் அடிதடி வராத குறை. கடைசியில் திராட்சையைக் காய்ச்சி வடிகட்டிய சாறு என்று முடிவானது. என் பக்கத்து வீட்டுக்காரி நீ, "நான் காச்சித் தரேன் யக்கா" என்று கேட்டு வாங்கிக்கொண்டாய்.

மாதாமாதம் காய்ச்சினாய். ஒரு சொட்டு நீ குடித்ததில்லை. ஞானஸ்நானம் எடுத்தவர்களுக்குத்தான் அந்தப் பந்தி. தட்டு உன் வரிசைக்கு வரும்போது இரண்டு கையாலும் வாங்கிப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிடுவாய். நீ ஞானஸ்நானம் எடுத்துக் கிறிஸ்தவள் என்று ஆகிவிட்டால் உன் வீட்டின் ஆதிதிராவிடர் சர்டிபிகேட்டுக்கு ஆபத்து. மகள் நர்சிங் படிக்க இருந்த ஒரே வழி அது.

கிறிஸ்தவர்களான ஆதிதிராவிடர்களுக்கும் அந்த இடஒதுக்கீடு வேண்டும் என்று தேவாலயங்களில் கறுப்புக்கொடி ஏற்றிய வருஷங்கள் அவை. தாலுகா ஆபீஸ் எதிரில் நாங்கள் உண்ணாவிரதம் உட்கார்ந்தோம். யாராவது பார்த்துவிடுவார்கள் என்று நீ பந்தலுக்கு வரவில்லை. வீட்டிலேயே பட்டினி கிடந்தாய். சாயங்காலம் நான் திரும்பியபோது உதடு காய்ந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாய்.

"கல்வராயன் மலையிலேர்ந்து ஜெபத்துக்கு வராங்களே, மலைஜாதிக்காரங்க, அவங்க வேதத்துக்கு மாறினா சர்டிபிகேட் போவல. எனக்கு மட்டும் போயிடுமாம். இன்னா யக்கா நியாயம் இது?"

"நியாயத்த ஆபீஸ்ல போயி கேளுடி. மொதல்ல கஞ்சியக் குடி" என்றேன். வேறென்ன சொல்ல? எனக்கும் அழுகைதான் வந்தது.

ஞானஸ்நானம் எப்போது என்று கேட்டால், மகளுக்கு வேலை ஆர்டர் வரட்டும் என்றாய். வந்தது. வேலை நிரந்தரமாகட்டும் என்றாய். அதுவும் ஆனது. "பேரப்புள்ளைங்களுக்கும் சர்டிபிகேட் வேணுமே யக்கா" என்று மறுபடி தள்ளினாய். அதற்குள் காய்ச்சல் வந்து பெரியாஸ்பத்திரியில் படுத்துவிட்டாய்.

"பாஸ்டரக் கூட்டினு வரட்டுமாடி?" என்று காதோரம் கேட்டேன்.

"வேணாம் யக்கா. சுத்தி எல்லாம் தெரிஞ்சவங்க. பொண்ணு இங்கதான் வேல செய்யுது." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "சாமிக்குத் தெரியும்ல?" என்றாய்.

"தெரியாம இருக்குமா" என்றேன். மறுநாள் போய்விட்டாய்.

சங்கராபுரம் பக்கம் உன் சொந்த ஊரில் மேளம் கொட்டி அடக்கம் செய்தார்கள். சபைக்காரர்கள் பாட்டுப் புத்தகத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு ஓரமாக நின்றோம். உன் மகள் என் கையைப் பிடித்து, "பாட வேணாம் பெரிம்மா" என்றாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ இத்தனையும் பொறுத்தது அவளுக்காகத்தானே.

இப்போது சபை வரலாற்றை எழுதும் வேலையை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். கொட்டகை போட்டவர், மணி வாங்கித் தந்தவர், ஆர்மோனியம் வாசித்தவர் எல்லோரையும் பெயர் பெயராக எழுதிவிட்டேன். உன்னிடம் வந்ததும் கை நின்றுவிட்டது. மகள் இன்னும் வேலையில் இருக்கிறாள். பேத்தி கல்லூரிக்கு மனு போட்டிருக்கிறாள். "சபையார் ஒருவர்" என்று எழுதினேன்.

இந்த மடலிலும் உன் பெயரை நான் எழுதவில்லை, பார்த்தாயா? பந்தியில் என் முறை வரும்போது மட்டும் அதைச் சொல்லிக்கொள்கிறேன். வாய்க்குள்தான். பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காதடி.