உள்ளே இருப்பவர் தட்டவேண்டும்

செப்டம்பர் 4, ஐடஹோ

விமானத்தில் ஆரின் பக்கத்து ஓட்டும் ஸ்டிக்கை இன்று கழற்றிப் பின்னால் போட்டேன். ஓட்ட என் பக்கம் ஒன்று போதும். ஆரின் கொட்டகை வாசலில் நின்று விமானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எவனோ நல்லா கட்டியிருக்கான்" என்றார். வருஷக்கணக்கில் இதே கொட்டகையில் நாங்கள் இருவரும் கட்டியது.

மகள் ஜெனீன் போனில் சத்தம் போட்டாள். "உனக்கென்ன பைத்தியமாம்மா? எல்லாரையும் மாதிரி டிக்கெட் எடுத்துக் கூட்டிட்டு வரக்கூடாதா?" கூட்டத்தைக் கண்டால் அப்பா மிரளுவார் என்று சொல்லி வாயை அடைத்தேன். முழு உண்மை அதுவல்ல. அட்லாண்டிக் வரை இதிலேயே போவோம் என்று அவர் சொல்லிக்கொண்டே இருப்பார். அதனால் போகிறோம். கடலோரத்தில் ஜெனீன் ஊரில் ஒரு மறதிக்காரர் இல்லம். அங்கே அவரை விட்டுவிட்டு நான் மட்டும் திரும்பவேண்டும். போன பனிக்காலத்தில் இரவு உடையோடு ஆற்றங்கரை வரை போய்விட்டார். இனி என்னால் காவல் காக்க முடியாது.

அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் மட்டும்?

செப்டம்பர் 6, வயோமிங்

மலைக்காற்று தூக்கித் தூக்கிப் போட்டது. அவர் கை முழங்கால்களுக்கு நடுவே ஸ்டிக்கைத் தேடியது. கிடைக்கவில்லை. இல்லாததையே பிடித்துக்கொண்டு, நான் சாய்த்த அதே பக்கம் மெதுவாகச் சாய்த்தார். நான் வெளியே பார்த்துக்கொண்டேன்.

செப்டம்பர் 7, நெப்ராஸ்கா

மேகம் தரையைத் தொடுகிறது. பறக்க முடியாது. இந்தச் சின்ன விமான நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் வெர்ன், வந்துபோகும் விமானிகளுக்கென்று வைத்திருக்கும் பழைய காரின் சாவியைக் கொடுத்தார்.

"அவரைப் பின்சீட்டுல உக்கார வச்சீங்கன்னா நீங்கதான் திறந்துவிடணும். பழைய போலீஸ் கார், உள்ளேருந்து கதவு திறக்காது."

இல்லத்துக் கதவும் அப்படித்தான் என்று ஜெனீன் சொல்லியிருக்கிறாள்.

செப்டம்பர் 8, அதே ஊர்

காலையில் உணவகத்தில் பேன்கேக். தேன்பாகை என் பக்கம் நகர்த்திவிட்டுக் கேட்டார்: "அம்மணி, உங்களுக்கும் விமானம்னா பிடிக்குமா? என் லொரெட்டா இருக்காளே, வாலுக்குள்ள புகுந்துட்டா அவளை மிஞ்ச ஆள் கிடையாது."

லொரெட்டா நான்தான். விமானத் தகடுகளைச் சேர்க்கும் ரிவெட் ஆணியை அடிக்க இரண்டு பேர் வேண்டும். அவர் வெளியிலிருந்து அடிப்பார். நான் வாலுக்குள் படுத்து இரும்புக் கட்டையை முட்டுக்கொடுப்பேன். அந்தச் சத்தத்தில் பேசினால் கேட்காது. உள்ளே இருப்பவர் தகட்டில் தட்டவேண்டும். ஒரு தட்டு என்றால் இன்னும் கொஞ்சம். இரண்டு என்றால் சரி. மூன்று என்றால் கெட்டுப்போச்சு, பிடுங்கு. அது பழகிப்போய், சாப்பாட்டு மேசையிலும் படுக்கையிலும்கூட அப்படித்தான் பேசிக்கொண்டோம்.

நான் அழுதுவிட்டேன். "ஐயோ, நான் ஏதும் தப்பா சொல்லிட்டேனா?" என்று நாப்கினை நீட்டினார். முன்பின் தெரியாத பெண்ணிடம் காட்டும் மரியாதை.

முடியல. என்னால முடியல. இந்த மனுஷனைக் கடல் காட்டுறேன்னு கூட்டிட்டுப் போய்ப் பூட்டி வைக்கப் போறேன். நான் எப்படிப்பட்டவ?

செப்டம்பர் 10

வானம் வெளுத்துவிட்டது. எனக்கு மழைதான் வேண்டும்.

செப்டம்பர் 12, வட கரோலைனா

கடல் வந்தபோது அவர் தூங்கிக்கொண்டிருந்தார். தோளைத் தொட்டு எழுப்பினேன்.

"வந்தாச்சா?"

"வந்தாச்சு ஆரின். பாருங்க, அட்லாண்டிக்."

குனிந்து பார்த்தார். "நம்ம வீடு எங்க இருக்கு?" என்றார். இதற்காகவா இத்தனை தூரம்?

செப்டம்பர் 13

மதியம் இல்லத்தில் விட்டோம். நர்ஸ் நல்லவள். "அவர் சாப்பிடும்போதே நழுவிடுங்கம்மா. எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க" என்றாள். நழுவினேன். கதவு பூட்டிக்கொண்டது. நடைபாதையில் பாதி தூரம்கூடப் போயிருக்க மாட்டேன்.

கதவில் தட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று.

ஜெனீனுக்கு அது வெறும் சத்தம். "வாம்மா, திரும்பிப் பாக்காத" என்றாள். எனக்குப் புரிந்தது. புரிந்துதான் வந்துவிட்டேன்.

செப்டம்பர் 14, டென்னசி

பக்கத்து இருக்கையில் ஆள் இல்லாததால் விமானம் முழுநேரமும் என் பக்கமே சாய்ந்தது. ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளித் தள்ளிக் கை மரத்துப்போய், வழியில் தெரிந்த சின்ன ஓடுதளத்தில் இறங்கினேன். இன்ஜினை நிறுத்தியும் இருக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. ஐடஹோ இன்னும் எவ்வளவோ தூரம். அங்கே போய் என்ன செய்யப் போகிறேன்?

நவம்பர் 2, வட கரோலைனா

நேற்று விமானம் போய்விட்டது. ஒரு இளம் தம்பதி வாங்கிக்கொண்டார்கள். இரண்டு ஸ்டிக்கையும் மாட்டிக் கொடுத்தேன். ஐடஹோவில் நான் ஓட்டியதுபோல் பள்ளிப் பேருந்து ஓட்ட இங்கேயும் ஆள் தேவைப்படுகிறது. தங்க ஒரு அறை கிடைத்திருக்கிறது, அதன் ஜன்னலிலிருந்து இல்லத்துக் கூரை தெரியும்.

இன்று மதியம் அவரோடு சாப்பிட்டேன். கோழிக் குழம்பு, உப்பே இல்லை. நான் யாரென்று தெரியவில்லை. "எந்த ஊரு நீங்க?" என்று இரண்டாம் முறையும் கேட்டார். தட்டைத் துடைத்துவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்ப எழுந்தேன்.

மேசையில் தட்டினார். ஒரு தடவை.

இன்னொரு தட்டு வருமா என்று நின்றபடியே காத்திருந்தேன். வரவில்லை. கோட்டைக் கழற்றிவிட்டு மறுபடி உட்கார்ந்தேன்.