அக்காவுக்குப் பூசாத எண்ணெய்

அக்கா,

இன்று காலையிலிருந்து என் விரல்களில் ஒலிவ எண்ணெய் வாசனை. எங்கள் கோவில் பங்கில் ஒரு பாட்டி படுத்த படுக்கையாகக் கிடக்கிறார். நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கிற நோயில்பூசுதலுக்குப் போன ஃபாதருடன் எண்ணெய்ச் சிமிழைப் பிடித்துக்கொண்டு நான்தான் போனேன். நெற்றியில் எண்ணெய் பட்டதும் பாட்டி கண்ணை மூடிப் பெருமூச்சு விட்டார். என்னால் பார்க்க முடியவில்லை. சிமிழை மூடுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

கழக்கூட்டத்து ஹாஸ்டல் சமையலறை வேலைக்கு என்னைக் கூட்டி வந்தவள் நீ. ஞாயிறு பூசைக்கும் நீதான் இழுத்துக்கொண்டு போவாய். பிறகு நான், மாதா படமும் எண்ணெய் பூசுதலும் கூடாது என்கிற ஒரு ஜெபசபைக்குப் போக ஆரம்பித்து, கல்லாற்றில் முங்கி மறுபடியும் ஞானஸ்நானம் எடுத்தேன். புதிதாகச் சேர்ந்தவளுக்கு வேகம் அதிகம். நம் அறைச் சுவரிலிருந்த உன் மாதா படத்தைக் கழற்றி அரிசி டிரம்முக்குப் பின்னால் போட்டேன். நீ சண்டை பிடிக்கவில்லை. எடுத்துத் துடைத்து உன் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டாய்.

உனக்கு வயிற்றில் கட்டி முற்றி, ஆஸ்பத்திரியில் கைவிரித்த பிறகு அந்த அறைக்கே திரும்பினோம். அப்போதுதான் கேட்டாய்.

“ஃபாதர ஒருக்கா வரச்சொல்லு பிள்ள. எண்ணெ பூசிட்டுப் போட்டும்.”

கோவில் பத்து நிமிட நடைதான். எண்ணெயில் என்ன இருக்கிறது, விசுவாசம்தான் வேண்டும் என்று உனக்கு வேதவசனம் வாசித்தேன். இரண்டு நாள் கழித்து மறுபடி கேட்டாய். மறுபடி வாசித்தேன். அதற்குப் பிறகு நீ கேட்கவில்லை. என் கையைத் தடவி, “செரி மக்களே, நீ வெசனப்படாத” என்றாய்.

நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். அந்த ஞாயிறே சபையில் எழுந்து நின்று, என் அக்கா மனந்திரும்பிவிட்டாள் என்று சாட்சி சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள். புதன்கிழமை நீ போய்விட்டாய்.

ஒரு வருடம் கழித்து ஜெபசபையை விட்டு நம் பழைய திருச்சபைக்கே திரும்பினேன். பாவசங்கீர்த்தனத்தில் எதையும் மறைக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்த மலையாளி ஃபாதர் பரிகாரமாக மூன்று முறை ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபம் சொல்லச் சொன்னார். எனக்கு ஆத்திரமாக வந்தது. என் அக்காவுக்கு நான் செய்ததற்கு மூன்றே மூன்றா? கேட்டேவிட்டேன். “அது மதி மோளே” என்றார். அது போதுமாம், கடவுள் மன்னித்துவிட்டாராம்.

இப்போது பூசை தவறுவதில்லை. யார் வீட்டில் நோயாளி என்றாலும் ஃபாதரை அழைத்துக்கொண்டு முதலில் ஓடுகிறவள் நான்தான். நல்ல பக்தி என்கிறார்கள். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நீ சிரித்திருப்பாய்.

கடவுள் மன்னித்தார் என்று நம்புகிறேன். நம்பாமல் திரும்பி வந்து என்ன பயன்? நீயும் மன்னித்திருப்பாய், உன் குணம் எனக்குத் தெரியும். ஆனால் சாவுக்குப் பயந்து கிடந்தவள் நீ, அக்கா. நீ என்னைத் தேற்றினாய். உன்னைத் தேற்றக்கூடிய ஒருவரை நான் வாசலுக்குக்கூட வரவிடவில்லை.