என் பேரில் அழிந்த ரிசல்ட்

ஜூன் 9, திங்கள்

இரும்பு வார்க்கும் கம்பெனியில் லேப் வேலை என்றால் எங்கள் ஊர் தொரப்பள்ளியில் வெள்ளைக் கோட்டை நினைத்துக்கொள்கிறார்கள். நான் படித்தது ஐ.டி.ஐ., போடுவது காக்கி. வார்ப்புத் துண்டைத் தேய்த்து மெஷினில் வைத்தால் கார்பன், சிலிக்கான் எவ்வளவு என்று கம்ப்யூட்டரே சொல்லிவிடும். அதையெல்லாம் சனிக்கிழமைதோறும் ஹார்டு டிஸ்கில் ஏற்றிப் பீரோவில் பூட்டுவது என் பொறுப்பு. பாஸானதும் இருக்கணும், பெயிலானதும் இருக்கணும். எதையும் அழிக்கக் கூடாது.

என் பாஸ்வேர்டைப் போட்டுத் திறந்தால் அப்புறம் யாரும் மூடுவதில்லை. மறுபடி திறக்கச் சோம்பல். எல்லா ஷிப்டும் என் பெயரில்தான் ஓடுகிறது. ஓசூர் இரும்பில் பாதிக்கு நான்தான் ஜவாப்தாரி என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டேன்.

"அப்படியே இந்தக் கேஸ் சிலிண்டருக்கும் ஜவாப்தாரி ஆகுங்க, தீந்துபோச்சு" என்றாள் சாந்தம்மா.

ஜூன் 12, வியாழன்

போன மாதம் அனுப்பிய ஒரு லாட் வார்ப்பில் விரிசலாம். கஸ்டமர் ஆள் வந்து அதன் ரிசல்ட்டைக் கேட்டார். கம்ப்யூட்டரில் இல்லை. டிஸ்கிலும் இல்லை, ஏற்றுவதற்கு முன்பே அழிந்திருக்கிறது. அழித்தவர் யார் என்று சாப்ட்வேர் காட்டியது: ராமப்பன்.

நானா? அன்றைக்கு நான் லீவு. மகள் வினோதாவைக் காலேஜில் சேர்க்கக் கிருஷ்ணகிரி போயிருந்தேன்.

ஜூன் 13, வெள்ளி

சாயங்காலம் ஆனந்தராஜ் வந்தான். சாந்தம்மாவின் தம்பி. லேபில் சேர்த்துவிட்டதே நான்தான். வந்ததும் அழுதான். லாட் பெயிலாம், சூப்பர்வைசர் அவசரப்படுத்தினாராம், இவன் ரிசல்ட்டை அழித்துவிட்டு லாட்டை அனுப்பிவிட்டானாம்.

"மாமா, நீங்க போன்ல அழிக்கச் சொன்னீங்கன்னு ஒத்துக்குங்க. நீங்க பர்மனென்ட்டு, மெமோவோட போயிரும். நான் கான்ட்ராக்ட்டு மாமா, கேட்டுக்கு வெளியதான்."

சாந்தம்மா அவன் முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள். "சரிடா, அழாத" என்றேன்.

பெரிய தியாகி! உள்ளே போய்க் கண்ணாடியில் ஒருதரம் பார்த்துக்கொண்டேன்.

ஜூன் 14, சனி

டிஸ்கில் ஏற்ற விடவில்லை. பீரோ சாவியை வாங்கிக்கொண்டார்கள்.

ஜூன் 16, திங்கள்

விசாரணை. ஒத்துக்கொள்ளத்தான் போனேன். வாயைத் திறப்பதற்குள் ஹெச்.ஆர். நிர்மலா மேடம் சொன்னார்:

"அண்ணே, மறைக்காதீங்க. ஆனந்தராஜ் வியாழக்கிழமையே வந்து எல்லாத்தையும் சொல்லிட்டாரு."

நான் அழிக்கச் சொன்னேனாம். மாட்டேன் என்றால் வேலையை விட்டுத் தூக்கிடுவேன் என்று மிரட்டினேனாம். பல மாதமாக இதே பிழைப்பாம் எனக்கு.

வியாழக்கிழமை! என் வீட்டுக்கு வந்து அழுதது வெள்ளிக்கிழமை.

கேட்டதும் குடுத்தேனேடா. கேக்கறதுக்கு முன்னாடியே எடுத்துக்கினு, அப்புறம் எதுக்குடா வந்து அழுத? மிரட்டுனேனா? நானா? என்னைப் பாத்தா எங்க வீட்டு நாய்கூட எந்திரிக்காது.

"அன்னிக்கி அவனுக்கு நான் போனே பண்ணலைங்க மேடம். பாஸ்வேர்டைத் தொறந்து போட்டது மட்டும் என் தப்பு" என்றேன்.

ஜூன் 17, செவ்வாய்

சாந்தம்மாவிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"தெரியுங்க. ஆபீஸ்ல உங்க பேரைச் சொல்லிட்டேன்னு வியாழக்கெழமையே போன்ல சொன்னான். மாமாகிட்ட நீயே சொல்லிருடான்னேன்."

"வெள்ளிக்கெழம பக்கத்துலதான நின்ன? அவன் சொல்லலைன்னு தெரியாதா உனக்கு?"

கீரையை அலசப் போய்விட்டாள்.

தம்பியாவது பயந்தான். இவள்?

ஜூன் 18, புதன்

சாம்பாரில் உப்பில்லை. சொல்லவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

முடிவு வந்துவிட்டது. எனக்கு மெமோ. அழித்த கை அவனுடையது, கான்ட்ராக்ட் வேறு; ஆனந்தராஜை நிறுத்திவிட்டார்கள். இனி ஆளுக்கொரு பாஸ்வேர்டு. சூப்பர்வைசருக்கு ஒன்றுமில்லை, அவர் வாயால்தானே அவசரப்படுத்தினார்.

அவன் கேட்டைத் தாண்டும்போது லேப் ஜன்னலில் நின்றேன். திரும்பியிருந்தால் என்ன செய்திருப்பேன்? தெரியவில்லை. அவன் திரும்பவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

காலையில் வினோதா சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள்: "ஏம்ப்பா, மாமா இப்பெல்லாம் வர்றதே இல்ல? சண்டையா?"

தோசைக்கல் மேல் சாந்தம்மாவின் கை நின்றது.

"சண்டையெல்லாம் இல்லம்மா. தளி பக்கம் வேலை கெடச்சிருக்கு. ஞாயித்துக்கெழமையும் வரச் சொல்றாங்களாம்."

அவன் எங்கே இருக்கிறான் என்றே எனக்குத் தெரியாது.

சாந்தம்மா என் முகத்தைப் பார்க்காமல் என் தட்டில் இன்னொரு தோசை வைத்தாள். வயிறு நிறைந்திருந்தது. சாப்பிட்டேன்.