உடன் வசிப்பவர்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது,

இங்கே நான் சுகம். அதை நான் எழுதித்தான் உனக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை, வீட்டுச் சொந்தக்காரர் இதற்குள் படம் பிடித்து அனுப்பியிருப்பார். நீ அங்கே சுகமா என்று நான்தான் வாய்விட்டுக் கேட்க வேண்டியிருக்கிறது, உன் அறைச் சாவியை வைத்துக்கொண்டு எனக்குச் சேதி சொல்ல அங்கே ஆள் இல்லையே. போனில் பேசினால் பாதியில் அழுதுவிடுவேன், நீயும் "சரிம்மா, சரிம்மா, விடும்மா" என்று வாயை அடைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். முழுக்கப் படி. நடுவில் நிறுத்திவிட்டுப் போன் போடாதே, எடுக்க மாட்டேன். எடுக்கவில்லையே என்று யாரையும் அனுப்பாதே.

இரண்டு வாரத்துக்கு முன்னால் செவ்வாய்க்கிழமை நடந்ததை முதலில் சொல்கிறேன். முன்னறைதான் என் தையல் அறை என்று உனக்குத் தெரியும், அளவெடுப்பது, போட்டுப் பார்ப்பது எல்லாம் அங்கேதான், வருகிறவர்கள் அத்தனை பேரும் பெண்கள். கடைத்தெருவில் என்னைவிட வேகமாகத் தைக்கிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அவர்களை விட்டுவிட்டு இரண்டு மாடி ஏறி என்னிடம் வருவது, கதவைச் சாத்தினால் ஒரு ஆம்பளை முகம் உள்ளே எட்டிப் பார்க்காது என்கிற நம்பிக்கையில்தான். அன்றைக்கு நர்ஸ் அம்மா வந்திருந்தாள், தங்கை கல்யாணத்துக்குப் போட ஒரு நீளக் கவுன் தைக்கிறேன் அவளுக்கு. முதுகுப் பக்கம் பிடிப்பாக இருக்கிறது என்றாள், மேல்பாதியைப் பிரித்து இடுப்புக்குக் கீழே தள்ளிவிட்டு மறுபடி அளவு வைத்துக்கொண்டிருந்தேன். என் வாயில் ஆறு குண்டூசி. அப்போது பூட்டில் சாவி திரும்புகிற சத்தம் கேட்டது. கதவு திறந்தது. நம் வீட்டுக்காரர், நம்ம "சாவிக்கொத்து", அறை நடுவில் வந்து நிற்கிறார். எப்போதும் அந்த ஆள் மாடிப்படி ஏறும்போதே இடுப்பில் தொங்குகிற கொத்து கலகலவென்று சொல்லிவிடும், அதனால்தானே அவருக்கு அந்தப் பெயரே வைத்தேன், அன்றைக்கு அதைக் கையில் பொத்திப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். நர்ஸ் அம்மா கத்துகிறாள், எனக்குக் கத்த முடியவில்லை, வாயைத் திறந்தால் ஊசி தொண்டைக்குள் போய்விடும். கையில் கிடைத்த துணியை அவள் மேல் போட்டுவிட்டு நடுவில் போய் நின்றேன். மானம் உள்ள மனிதன் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓடியிருப்பான். இவர் நின்று நிதானமாக, "பரவாயில்லம்மா, நீங்க வேலையப் பாருங்க, நான் ஒரு நிமிஷம்தான்" என்கிறார். அவருக்குப் பரவாயில்லையாம்!

நர்ஸ் அம்மா கவுனைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, "அக்கா, உங்க மேல எனக்குக் கோவம் இல்ல, ஆனா இந்த ரூமுக்கு இனிமே வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளோடு நின்றிருந்தால் தேவலை, ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற இன்னும் நாலு பேர் அவள் மூலமாக வந்தவர்கள், அந்த வாரமே நாலு பேரும் துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். ஒருத்தியும் காரணம் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருஷம் ஊசி பிடித்துச் சேர்த்த நம்பிக்கை, ஒரு சாவி திரும்புகிற நேரத்தில் போயிற்று.

விட்டேனா? ஊசியைத் துப்பிவிட்டுப் படியில் துரத்திக்கொண்டு போனேன். "யாரைக் கேட்டு உள்ள வந்தீங்க?" என்றேன். அவர் திரும்பி நின்று, கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல், "என்னம்மா திருடவா வந்தேன்? உங்க பையன்தான் வாரம் ஒருவாட்டி பார்த்துச் சொல்லச் சொல்லியிருக்காரு, நீங்க இருக்கும்போது வந்தா சண்டை போடுவீங்கன்னு துணி வாங்கப் போற நேரமாப் பார்த்து வருவேன், இன்னிக்கு நேரம் தப்பிப்போச்சு" என்றார். பொய் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். என் பிள்ளையைப் பற்றி இப்படிச் சொல்ல எவ்வளவு துணிச்சல் என்று படியில் நின்று கத்தினேன், கீழ்வீட்டார் எல்லாம் கதவைத் திறந்து பார்த்தார்கள். அவர் போனை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

அட பாவி, எத்தனை படம்! என் மடிக்காத படுக்கை. என் மாத்திரை டப்பா, மூடி திறந்து. குளிர்சாதனப் பெட்டியின் உள்பக்கம். குளியலறைக் கொடியில் காய்கிற என் உள்துணி, அதை ஒதுக்கிவிட்டு எடுக்கக்கூட அந்த ஆளுக்குத் தோன்றவில்லை. கடைசியில் ஒன்று, நான் தூங்குகிற படம், நான் வெளியே போகிற நேரம் பார்த்து வருகிறவராம்! மதியச் சாப்பாடு முடிந்து சாய்ந்திருக்கிறேன், வாய் திறந்திருக்கிறது, பாவாடை முழங்கால்வரை ஏறிக் கிடக்கிறது. என் கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டுதான் அதை எடுத்திருக்க முடியும். அதற்குக் கீழே நீ எழுதியிருந்தாய், "ரொம்ப நன்றி அண்ணா, இப்பதான் நிம்மதியா இருக்கு." உனக்கு நிம்மதி. உன் அப்பா போன பிறகு நான் தூங்குவதை ஒரு ஆணும் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. மெஷினை ஜன்னல் பக்கம் நகர்த்திப் போட்டேன், மறுவாரம் நீ போனில், "அங்க உக்காந்து தைச்சா கழுத்து வலிக்கும்மா" என்றாய். நான் சொல்லவேயில்லையே என்று யோசித்தேன். இன்னொரு நாள், "மாத்திரை அட்டை அப்படியே இருக்கே" என்றாய். அடடா, பெற்ற வயிறும் பிள்ளை மனசும் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் பேசிக்கொள்ளும் போல என்று நினைத்து உன் சித்தியிடம் பெருமையடித்தேன் நான். அவள் பல் பிடுங்கிக்கொண்டு வாயில் பஞ்சோடு உட்கார்ந்திருந்தாள், அவளை விடாமல் அரை மணி நேரம் உன் புராணம் பாடினேன். இப்போது அவளிடம் நடந்ததைச் சொன்னால், "போக்கா, பெத்த புள்ள அக்கறையில செஞ்சது, இதப் போய்ப் பெரிசு பண்ணாத" என்கிறாள். அவள் தூங்குகிற படம் யார் போனிலும் இல்லை, அவளால் பெருந்தன்மையாகப் பேச முடிகிறது.

உன் பக்கம் ஒன்று இருக்கிறது, அதையும் நானே சொல்லிவிடுகிறேன். போன குளிர்காலத்தில் என்னிடம் தைக்கிற டீச்சரம்மாவின் கோட்டுக்கு லைனிங் துணி மாற்றும்போது என் போனை அந்தக் கோட்டுப் பையில் போட்டுவிட்டேன், அவள் கோட்டை வாங்கி மாட்டிக்கொண்டு வெளியூர் போய்விட்டாள், இரண்டு நாள் நீ அடித்த போன் எல்லாம் எங்கோ ரயிலில் அடித்துக்கொண்டிருந்தது. தையல்காரி புத்தி. நீ பதறிப்போய் வீட்டுக்காரரைப் போய்ப் பார்க்கச் சொன்னாய். அன்றைக்கு அவர் கதவைத் திறந்து வந்தபோது நான் கோபப்படவில்லை, டீ போட்டுக் கொடுத்து, என் பிள்ளைக்கு எவ்வளவு பாசம் பாருங்கள் என்று அவரிடமே சொன்னேன். ஒரு நாள் பதற்றம், அதைப் பாசம் என்று ஏற்றுக்கொண்டேன். எட்டு மாதமாக வாரம் தவறாமல் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நடத்தினாயே, அதற்கு என்ன பேர்? ஊசி இடம் கொடுக்காமல் நூல் நுழையாது என்பார்கள், அந்தப் பழமொழியை எவன் சொன்னாலும் எனக்கு அவன் வாயைத் தைக்கத் தோன்றும், ஆனால் இந்த விஷயத்தில் ஊசி நான் இல்லை, நீ.

சாவிக்கொத்தை விடக்கூடாது என்று வாடகைப் புகார் வாங்குகிற அலுவலகத்துக்குப் போனேன். கண்ணாடியைக் கயிற்றில் மாட்டித் தொங்கவிட்ட ஒரு பெண் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள், நல்ல பெண், நான் சொன்னதை எல்லாம் எழுதிக்கொண்டாள். "வீட்டுக்காரர் உள்ள வரணும்னா ஒரு நாள் முன்னாடி எழுதிக் கொடுக்கணும்மா. குழாய் உடைஞ்சா, தீப்பிடிச்சா மட்டும்தான் கேக்காம வரலாம். கையில சாவி இருக்குங்கறதுக்காக வந்துட முடியாது" என்றாள். அவள் வாயில் சர்க்கரை போடலாம் என்று இருந்தது எனக்கு. பிறகு அங்கே இருந்த நம் வாடகை ஒப்பந்தத்தின் நகலை எடுத்துப் புரட்டினாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அம்மா, வாடகைதாரர்னு உங்க பேரு இல்லையே, உங்க மகன் பேருதான் இருக்கு. நீங்க சொல்றதப் பார்த்தா அவர் வரச் சொல்லி போன்ல எழுத்துலயே அனுமதி கொடுத்திருக்காரு, வீட்டுக்காரர் அதக் காட்டினா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. படம் எடுத்ததுக்கு வேணா தனியா புகார் எழுதுங்க" என்றாள். அப்படியானால் நான் யார் என்று கேட்டேன். விரலை வைத்துக் காட்டினாள். உடன் வசிப்பவர். நீ விடுமுறையில் வந்து இந்த வீடு பார்த்த அன்றைக்கு, வீட்டுக்காரர் சம்பளச் சீட்டு உள்ள ஆள் கையெழுத்து வேண்டும் என்றார், நீ கீழே போய்ப் போட்டுவிட்டு வந்தாய், நான் மேலே ஜன்னலுக்குத் திரை தைக்க அளவெடுத்துக்கொண்டிருந்தேன். நாலு வருஷமாக வாடகை என் கையால் போகிறது, திரை நான் தைத்தது, கதவு மட்டும் உன்னுடையது. வீட்டுக்காரர் திருட்டுத்தனமாக வரவில்லை மகனே, சட்டப்படி நீ கூப்பிட்டு வந்திருக்கிறார். படம் எடுத்ததற்குப் புகார் எழுதிக் கொடுத்துவிட்டேன், யார் கேட்டு எடுத்தார் என்கிற இடத்தில் உன் பெயரையும் எழுதினேன்.

மூன்று மாதத்துக்கு முன்னால் நீ இருக்கிற அறைக்குள் அந்த ஊர் வீட்டுக்காரன் மீட்டர் பார்க்கிறேன் என்று நுழைந்தபோது, "குளிச்சிட்டு வர்றேன்மா, அந்த ஆள் நடுரூம்ல நிக்கிறான், என்ன தைரியம் பாரு" என்று எனக்குப் போன் போட்டுக் குதித்தாயே. ஒரு மணி நேரம் உன்னோடு சேர்ந்து நானும் அவனைத் திட்டினேன். அப்போதும் இங்கே உன் ஆள் வாரம் ஒருமுறை வந்துகொண்டுதான் இருந்திருக்கிறார். உனக்கு வந்தால் ரத்தம், எனக்கு வந்தால் தக்காளிச் சாறா?

உள்ளே நான் விழுந்து கிடந்தால் என்ன செய்வது என்று கேட்பாய். யோசித்து வைத்திருக்கிறேன். போனுக்கு ஒரு பை தைத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறேன், மாட்டுக்கு மணி கட்டினதுபோல, குளிக்கும்போது மட்டும்தான் கழற்றுவேன். தினம் காலையில் எழுந்ததும் நானே ஒரு வரி அனுப்புவேன். மாத்திரையும் சாப்பிடுகிறேன், பயந்து அல்ல, உன் பேச்சைக் கேட்கக் கூடாது என்ற வீம்பில் நான் செத்துவைக்கக் கூடாது என்று. நர்ஸ் அம்மாவின் கவுனை முடித்து ஆஸ்பத்திரி வாசலில் காத்து நின்று கொடுத்தேன், நடந்தது முழுக்கச் சொன்னேன், என் வீட்டுக்குள் வந்தவனுக்கு வழி விட்டது என் பிள்ளைதான் என்று சொல்ல எப்படிக் கூசியது தெரியுமா. அவள் தன் நம்பரைக் கொடுத்தாள், கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், அவசரம் என்றால் அவளைக் கூப்பிடு, அவள் வந்து தட்டுவாள். பதில் வராவிட்டால் கதவை உடைக்கட்டும். தச்சனை வைத்து உள்ளே ஒரு தாழ்ப்பாள் போட்டுவிட்டேன். உடைத்தால் தெருவுக்கே கேட்கும், கேட்கட்டும், எனக்குப் பயம் சத்தமில்லாமல் திறக்கிற கதவுதான்.

இதோடு ஒரு படிவம் வைத்திருக்கிறேன், வீட்டை என் பெயருக்கு மாற்றுவது, பழைய வாடகைதாரர் கையெழுத்து வேண்டுமாம். நீ போட வேண்டிய இடத்தில் குண்டூசி குத்தி வைத்திருக்கிறேன், கையைக் குத்திக்கொள்ளாதே. மாதக் கடைசிக்குள் கையெழுத்தோடு படிவம் திரும்பி வராவிட்டால் நான் காலி செய்கிறேன், பொத்தான் கடைக்காரம்மா தன் கடைக்குப் பின்னால் இருக்கிற அறையைத் தருகிறேன் என்றிருக்கிறாள், சின்ன அறைதான், ஒரு மெஷினும் ஒரு கட்டிலும் பிடிக்கும். அந்த விலாசத்தை உனக்குத் தர மாட்டேன். மிரட்டுகிறேன் என்று நினைக்காதே, எனக்கு மிரட்டத் தெரியாது, தெரிந்திருந்தால் உன்னை ஒழுங்காக வளர்த்திருப்பேன். உன் அனுமதியை வாபஸ் வாங்கி வீட்டுக்காரருக்கு இன்றைக்கே எழுது. அவர் போனில் இருக்கிற படங்களை அழிக்கச் சொல். உன் போனில் இருப்பதை நீ அழி. தூங்குகிற படத்தை முதலில் அழி.

உனக்குப் பதினைந்து வயதில் ஒரு நாள் உன் அறைக் கதவில் "தட்டிவிட்டு வரவும்" என்று எழுதி ஒட்டினாய். உன் அப்பா கிழிக்கப் போனார், நான்தான் கையைப் பிடித்துத் தடுத்தேன், பிள்ளை பெரியவனாகிவிட்டான் என்றேன். அதற்குப் பிறகு நீ ஊரை விட்டுப் போகும்வரை தட்டாமல் நான் உள்ளே வந்ததில்லை, காய்ச்சலில் கிடந்தபோதும் கஞ்சியோடு வெளியே நின்று தட்டினேன். நீ "வாம்மா" என்று சொல்லும்வரை கஞ்சி ஆறினாலும் நின்றேன்.

இருமல் நிற்கவில்லை என்றாயே, வெந்நீர் குடி, ஈரக் காலுறையோடு அலையாதே. பழுப்புக் கோட்டின் இடது கை நீளம் பிரித்து விட வேண்டும், வரும்போது கொண்டு வா. நன்றாக இரு, உன் கதவும் பத்திரமாக இருக்கட்டும். விடுமுறைக்கு வரும்போது உன் சாவி வேலை செய்யாது, உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்கும். தட்டு. நான் வருவேன்.

இப்படிக்கு,
உன் பெயரில் உள்ள வீட்டில் இன்னும் உடன் வசிக்கும்
அம்மா